அடைபட்ட நாட்களில் நாளுக்கொரு படம்

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டோடு இருப்பவர்கள் என்னிடம் படம் கேட்டால், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இன்று பார்க்கும் படத்தை நேற்றே முடிவு செய்து வையுங்கள். மாலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பிறகு தேட ஆரம்பித்தால், தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். ஒருவர் முன்னோட்டங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார், இன்னொருவர் எழுந்தே போய்விடுவார். கடைசியில் எல்லோருக்கும் மனப்பாடமான ஏதோ ஒரு படத்தை நடுவிலிருந்து ஓடவிட்டு, அதையும் முடிக்காமல் படுக்கப் போவோம்.

நான் பல ஆண்டுகள் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள். 2020இல் கூட்டம் கூட வழியில்லாமல் போனபோது அதே வேலையை வீட்டுக்குள் செய்ய ஆரம்பித்தேன். பார்வையாளர்கள் நால்வர்: காது சற்று மந்தமான என் மாமியார், பகல் முழுக்கக் கணினி முன் அலுவலக வேலை பார்த்த கணவர், பத்து வயது மகள், வேறு ஊரில் தனியாக இருந்த என் தம்பி. இவர்களை வைத்துக்கொண்டு நான் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஊரடங்கில் நேரம் மிஞ்சுகிறது என்பார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தொல்லை, நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது. செவ்வாய் எது, சனி எது என்று தெரியாது. நாளுக்கு ஒரு படம், ஒரே நேரத்தில், முதலிலிருந்து கடைசிவரை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அடையாளம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் தேதி சொல்லிப் பேசுவது நின்று, "அந்த ஷூ தொலைந்த படம் பார்த்தோமே, அதற்கு மறுநாள்" என்று பேச ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஒரே நாளில் நான்கு படங்களை ஓட்டித் தள்ளுவதை நான் ஆதரிப்பதில்லை. நான்காவது முடியும்போது முதலாவது நினைவில் இருக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம்

படத்தின் பெயர், ஆண்டு, எத்தனை நிமிடம், யார் தேர்ந்தெடுத்தது என்று நான்கு கட்டங்கள் போட்டு ஒரு நோட்டைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒரு நாள் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவருக்கு மறுக்கும் உரிமை கிடையாது; அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகும் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். இந்த விதி குழந்தைக்கும் பொருந்த வேண்டும். என் மகள் தேர்ந்தெடுத்த படத்தை அவள் பாட்டி முழுக்கப் பார்த்த பிறகுதான், பாட்டி தேர்ந்தெடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அவள் முணுமுணுக்காமல் வந்து உட்கார்ந்தாள்.

நிமிடக் கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். களைத்துப்போன நாளுக்கு, மௌனப் பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) போதும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சாதாரண நாளுக்கு ஒன்றரை மணி நேரப் படம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடம். அதை விடுமுறை நாளின் பிற்பகலில்தான் தொடங்க வேண்டும். அந்தப் படத்துக்குள்ளேயே இடைவேளை வைத்திருக்கிறார்கள். அங்கே நிறுத்தி, எழுந்து நடந்து, சாப்பிட்டுவிட்டு வந்து தொடருங்கள். வேறு எந்த இடத்திலும் வெட்டாதீர்கள்.

அடுத்தடுத்த நாட்களுக்குள் ஒரு தொடர்பு இருந்தால் சுவை கூடும். குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) ஒரு நாள், மறுநாள் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). முன்னதில் ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பின்னதில் கொல்லப்பட்ட ரேடியோ எஞ்சினியரைப் பற்றிச் சந்தேகத்துக்குள்ளானவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டே இல்லாத தமிழ்ப் படம் அது. 1954இல் அதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு, யார் சொன்னதை நம்புவது என்று எங்கள் வீட்டில் இரண்டு நாள் விவாதம் ஓடியது. அது அந்த வாரத்தின் பெரிய லாபம்.

'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் சத்யஜித் ராயின் அபு முப்படங்களையும் (1955, 1956, 1959) தொடர்ந்து மூன்று மாலைகளில் பாருங்கள். பழைய படம் எதுவானாலும் புதுப்பிக்கப்பட்ட பிரதி இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் கருகின. அவற்றில் காப்பாற்ற முடிந்ததைக் கையால் சீர்செய்து, முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து 2015இல் புதுப் பிரதியை வெளியிட்டார்கள். மங்கலான பழைய பதிவைப் பார்த்து "பழைய படம் என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டியவர்கள் இந்தப் பிரதியை ஒரு முறை பார்க்க வேண்டும். நாணல் பூத்த வெளியில் ரயில் வரும் காட்சியில் நீங்கள் பார்ப்பது உண்மையில் வேறு படம்.

நான்கு சுவருக்குள் நடக்கும் படங்கள்

வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்குக் கடலும் மலையும் காட்டும் படங்களைத்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெளியே போக முடியாத நாட்களில் விரிந்த வெளி ஏக்கத்தைத்தான் கூட்டுகிறது. ஒரே அறைக்குள் நடக்கும் படங்களோ, நாம் உட்கார்ந்திருக்கும் அறையையே கவனிக்க வைக்கின்றன. இந்த வகையில் நான்கு படங்களைத் துணிந்து சொல்வேன்.

சிட்னி லூமெட்டின் 'டுவெல்வ் ஆங்ரி மென்' (1957) கிட்டத்தட்ட முழுவதும் ஓர் அறைக்குள் நடக்கிறது. ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், ஒரு மேசை, ஒரு புழுக்கமான நாள், 96 நிமிடம். தொடக்கத்தில் கேமரா அவர்களின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. பிறகு கண்மட்டத்துக்கு வருகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே இறங்கி மேல்நோக்கிப் பார்க்கிறது. லென்ஸையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனார் லூமெட். அதனால் சுவர்கள் நெருங்கி வருவதைப் போலவும் கூரை தலைக்கு மேல் இறங்குவதைப் போலவும் தோன்றும். முதல் முறை பார்ப்பவருக்கு இதைச் சொல்லாதீர்கள். படம் முடிந்ததும் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசிக் கால் மணி நேரத்தையும் மறுபடி ஓடவிட்டுக் காட்டுங்கள். என் கணவருக்குப் படம் எடுக்கப்படும் விதத்தில் ஆர்வம் வந்ததே அந்த இரவில்தான்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) ஒரு வீட்டுக்குள் ஒரே மூச்சில் நடப்பதுபோல் எடுக்கப்பட்டது. அன்றைய கேமராவில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குத்தான் பிலிம் கொள்ளும். அதனால் ஒரு சுருள் முடியும் இடத்தில் கேமரா யாராவது ஒருவரின் முதுகை ஒட்டிப் போய்த் திரை இருண்டு, அடுத்த சுருள் அங்கிருந்தே தொடங்கும். வெளிப்படையாகவே வெட்டிய இடங்களும் உண்டு. எங்கெங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தால், படம் பார்த்தால் தூங்கிவிடுபவரும் விழித்திருப்பார். அதே இயக்குநரின் 'ரியர் விண்டோ' (1954) கால் ஒடிந்து வீட்டில் கிடக்கும் ஒரு புகைப்படக்காரர் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்ப்பதைப் பற்றியது. தெரியும் முற்றம், குடியிருப்புகள் அத்தனையும் ஸ்டூடியோவுக்குள் கட்டியவை. ஊரடங்கில் ஜன்னலோரம் நின்றே பழகிப்போனவர்களுக்கு இந்தப் படம் வேறு விதமாகத் தைக்கும்.

நான்காவது, ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' (2011). 2010இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறையும், படம் எடுக்க இருபது ஆண்டுத் தடையும் விதித்தார்கள். மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், தன் வீட்டுக்குள்ளேயே, ஒரு பகுதியைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து இதை உருவாக்கினார். எடுக்க முடியாமல் போன படத்தின் அறையைத் தரைவிரிப்பின் மேல் டேப் ஒட்டி வரைந்து காட்டுகிறார்: இது கதவு, இது படுக்கை, இது ஜன்னல். மறுநாள் என் மகள் கூடத்தின் தரையில் டேப் ஒட்டி ஒரு பள்ளிக்கூடமே கட்டினாள். அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் அதைத் தாண்டித் தாண்டியே நடந்தோம்.

நோயைப் பற்றிய படங்களைப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'கன்டேஜியன்' (2011) வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020இன் தொடக்கத்தில் திடீரென்று உலகெங்கும் வாடகைப் பட்டியல்களில் மேலேறியது. நோய்த்தொற்று அறிஞர் இயன் லிப்கின் அதன் ஆலோசகர். ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற கணக்கை வெள்ளைப் பலகையில் எழுதி விளக்கும் காட்சி, பல செய்தி அறிக்கைகளைவிடத் தெளிவானது. என் கருத்து இது: வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். எல்லோரும் நலமாக இருந்தால், பகல் வெளிச்சத்தில், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம். இரவில் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

திரையும் ஒலியும்

தொலைக்காட்சியை வாங்கிய அன்று இருந்த அமைப்பிலேயே பலரும் படம் பார்க்கிறார்கள். திரைப்படம் பொதுவாக நொடிக்கு 24 சட்டங்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக (ஃபிரேம்), எடுக்கப்படுகிறது. புதிய தொலைக்காட்சிகள் அவற்றுக்கிடையே தாமாகவே புதுச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. இதனால் அசைவு வழவழப்பாகி, கோடி கோடியாகச் செலவழித்து எடுத்த படமும் தொலைக்காட்சித் தொடர்போல் தெரியும். நடிகர் டாம் குரூஸ் 2018இல் இதை அணைத்துவிடுங்கள் என்று வேண்டி ஒரு வீடியோவே வெளியிட்டார். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும். பட அமைப்புகளுக்குள் போய், அசைவு என்ற தலைப்பின் கீழ் இருப்பதை அணையுங்கள். 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் திரை சற்று மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வந்தால் இழுத்து நிரப்பாதீர்கள். அகலத்திரைப் படத்தை அப்படி நிரப்பினால் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார், அல்லது எல்லோரும் நெட்டையாகிவிடுவார்கள். பழைய படங்களுக்குப் பக்கவாட்டில் பட்டை வரும்; அதுதான் சரியான அளவு.

வசனம் கேட்கவில்லை, சண்டைக் காட்சியில் மட்டும் காது கிழிகிறது என்பது எல்லா வீட்டிலும் உள்ள குறை. அரங்கின் பல ஒலிபெருக்கிகளை மனத்தில் வைத்துக் கலந்த ஒலியை, தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் தாங்குவதில்லை. ஒலி அமைப்பில் 'நைட் மோட்' என்றோ, பேச்சைத் தெளிவாக்கும் வசதி என்றோ ஒன்று இருக்கும். முன்னது பெரிய ஒலிகளைத் தாழ்த்திச் சிறிய ஒலிகளை உயர்த்தும். அதைப் போட்டுவிட்டு வசன வரிகளையும் காட்டச் செய்யுங்கள். தாய்மொழிப் படமாக இருந்தாலும் தயங்க வேண்டாம். வரிகள் வந்த பிறகுதான் என் மாமியார் "இப்போது என்ன சொன்னான்?" என்று கேட்பதை நிறுத்திக் கதைக்குள் போனார்.

விளக்கை முழுவதும் அணைத்துவிடாமல், தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சிறிய விளக்கை வையுங்கள், கண் உறுத்தாது. பகலெல்லாம் கணினித் திரையைப் பார்த்தவர்களுக்குக் கண் மருத்துவர்கள் சொல்லும் வழி உண்டு: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தொலைவில் இருப்பதை, இருபது நொடி பார்ப்பது. பகலில் அதைச் செய்தால் மாலைப் படத்துக்குக் கண் தெளிவாக இருக்கும்.

இணையம் எல்லோருக்கும் பொது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி, ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை செலவாகும். 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதால் அந்த நிறுவனமே அங்கே தரத்தைக் குறைத்தது. யூடியூபும் சாதாரணத் தரத்தையே இயல்பாக வைத்தது. வீட்டிலும் அதே நியாயம்தான். ஒரு அறையில் பிள்ளைக்கு வகுப்பு, மறு அறையில் அலுவலகக் கூட்டம் நடக்கும்போது 4கேயில் படம் ஓட்டக் கூடாது. பதிவிறக்க வசதி இருந்தால் இரவில் இறக்கி வைத்துக்கொண்டு மறுநாள் பாருங்கள்.

முதியவரும் குழந்தையும் ஒரே படத்தைப் பார்க்க

இதற்கு வசனமில்லாத படங்களைப் போன்ற மருந்து இல்லை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'பேசும் படம்' (1987) ஓடிய மாலையில் எங்கள் வீட்டில் முதன்முறையாக எல்லோரும் ஒரே நொடியில் சிரித்தோம். காது கேட்பவர், கேட்காதவர் என்ற வேறுபாடே இல்லை. மௌனப் படங்களில் இடையிடையே வரும் எழுத்துப் பலகைகளை வாசிக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஜப்பானில் மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷி என்ற கலைஞர்கள் இருந்தார்கள். குரோசாவாவின் அண்ணனும் அவர்களில் ஒருவர். இதை மகளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பலகையை வாசிப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் கொடுத்து நடித்தாள்.

வசனம் உள்ள படங்களில் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) முதலில் வரட்டும். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டில் சொல்லாமல் தன் ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறான். மொழி தெரியாத குழந்தைக்கும் அந்தப் பதற்றம் புரியும். இதை அரைகுறைக் கவனத்தோடு பார்க்கக் கூடாது. கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

தனி அறையில் இருப்பவருக்கு

தொற்று வந்து ஒருவர் தனி அறையில் இருந்தால், அவரையும் மாலைப் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாட்களில் புதுப் படம் வேண்டாம். கதையைப் பின்தொடரும் தெம்பு இருக்காது. அவருக்கு நன்றாகத் தெரிந்த பழைய படத்தைக் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டாலும் போதும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் இறுக்கம் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ படத்தை முடிக்கட்டும் என்று ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

என் தம்பியோடு நாங்கள் பார்த்த விதம் எளிது. இரு வீட்டிலும் படத்தைத் தொடக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, தொலைபேசியில் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணி ஒன்றாக ஓட்டுவோம். உடனே அழைப்பைத் துண்டித்துவிடுவோம். இணைப்பிலேயே இருந்தால் இரண்டு ஒலிகள் முன்பின்னாகக் கேட்டு எரிச்சலாக இருக்கும். பாதிப் படத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசுவோம், முடிந்ததும் மறுபடி பேசுவோம். கணினியில் பார்ப்பவர்களுக்கு டெலிபார்ட்டி போன்ற, உலாவியில் (பிரவுசரில்) சேர்த்துக்கொள்ளும் நீட்சிகள் உண்டு. ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும், ஓரத்தில் எழுதிப் பேசலாம். எனக்குத் தொலைபேசி முறைதான் பிடித்தது. தனியாக இருப்பவருக்கு வேண்டியது குரல்.

பேசும்போது "நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், "ம், இருந்தது" என்று முடிந்துவிடும். "எந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம்?" என்று கேளுங்கள். "அந்த வீட்டில் நீ எந்த அறையில் இருந்திருப்பாய்?" என்று கேளுங்கள். சங்கத்திலும் இப்படிப்பட்ட கேள்விகள்தான் வாய் திறக்காதவர்களைப் பேச வைத்தன. பதிலில் ஒரு வரியை நோட்டில் எழுதி வையுங்கள். படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படம் முடிந்தால் இந்தப் பேச்சுக்கும் இடம் கிடைக்கும், தூக்கமும் கெடாது. வாரத்தில் ஒரு நாள் படமே வேண்டாம்.

பணம் இறுக்கமாக இருந்தால்

வருமானம் நின்றுபோன மாதங்களில் சந்தாக்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். அதில் பார்க்க வேண்டியதை நோட்டில் எழுதி முடித்துவிட்டு, அடுத்த மாதம் வேறொன்றுக்கு மாறலாம். திருட்டுப் பிரதிகளின் பக்கம் போகாதீர்கள். படப்பிடிப்புகள் நின்று தொழிலாளர்கள் வேலையில்லாமல் இருக்கும் காலத்தில் அது இரட்டை அநியாயம், கணினிக்கும் ஆபத்து.

காசில்லாமல், நேர்மையாகப் பார்க்க நிறைய இருக்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் காப்புரிமைக் காலம் முடிந்த பல படங்கள் இருக்கின்றன. கீட்டனின் 'தி ஜெனரல்' (1926), முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' (1922) இரண்டையும் அங்கே பார்க்கலாம். காப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால் உங்கள் நாட்டு நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் படங்களில் பலவற்றை இலவசமாகவே தளத்தில் வைத்திருக்கிறது. நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' (1952) எட்டு நிமிடம்தான். ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். முடிவு கடுமையானது, குழந்தைகளோடு பார்ப்பதற்கு முன் நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தத் தளங்களில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடைக்கும். முதலில் கண்ணில் பட்டதைத் திறக்காமல், நிமிடக் கணக்கைப் பார்த்து முழுமையானதைத் தேர்ந்தெடுங்கள். மௌனப் படமென்றால் இசை சேர்த்த பிரதி நல்லது. தேடும்போது பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். அதே பெயரில் பின்னாளில் வந்த வேறு படங்கள் குறுக்கே வரும்.